ஒன்பதாம் அத்தியாயத்து மழை

இந்த நாற்காலியில் எனக்கு முன்னால் எத்தனை மாப்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். யோசிக்க வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது, அதை யோசிக்காமல் இருப்பதற்காக இதை யோசிக்கிறேன், அது எனக்கே தெரிகிறது. சிவப்பு வெல்வெட், கைப்பிடி முனையில் தங்கப் பூச்சு பூசிய சிங்கம், வலது பக்கத்துச் சிங்கத்துக்கு மூக்கு உடைந்திருக்கிறது. உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறது, முழங்கால் இரண்டும் மேலே வந்துவிடுகின்றன, எழுந்திருக்க வேண்டுமென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். திருச்சி, சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணி, கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். மூன்று மின்விசிறிகளும் பார்வையாளர்களுக்குத்தான், மேடைக்குக் கிடையாது. தோளில் ஒரு பொன்னாடை, அதன் மேல் இன்னொரு பொன்னாடை, இரண்டாவதைப் போர்த்தியவர் முதலாவதை எடுக்காமலே போர்த்திவிட்டுப் போனார், நானும் எடுக்கவில்லை, எடுத்தால் மரியாதைக் குறைவு. முதுகில் வேர்வை கோடாக இறங்குகிறது. பின்னால் சுவர் முழுக்க ஃபிளெக்ஸ், அதில் எழுத்தாளர் ஜி. குஞ்சிதபாதம், பிறந்தது 1924, நூற்றாண்டு விழா, மூக்குக்கண்ணாடியோடு ஆளுயரத்துக்கு ஒரு முகம். அதற்குக் கீழே சின்னதாக, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வாகீசன், அதாவது நான். முப்பத்தைந்து வருஷமாக நான் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்று அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மைக்கில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். பத்து நிமிஷம் என்று சொல்லி இருபத்தைந்து ஆகிவிட்டது. அடுத்து அகிலாண்டம் டீச்சர், குஞ்சிதபாதத்தின் ஒரே மகள். அதற்கு அடுத்து என் ஏற்புரை. பேராசிரியர் இன்னும் ஒரு மணி நேரம் பேசினால் நல்லது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பேராசிரியர் நிறுத்தாமல் பேச வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன்.

"நம்ம வாகீசன் ஆதாரம் இல்லாம ஒரு கமா கூட வைக்க மாட்டார்" என்கிறார் பேராசிரியர். கைதட்டுகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், கூச்சம் என்று நினைப்பார்கள், போட்டோகிராபர் அதையும் எடுத்துக்கொள்கிறார். அந்த வாக்கியம் என்னுடையதுதான். முதல் பதிப்பின் முன்னுரையில் நானே எழுதினேன், இந்நூலில் ஆதாரமற்ற வரி ஒன்றுகூட இல்லை என்று, முப்பத்து மூன்று வயதுத் திமிர். அன்றிலிருந்து எந்த மேடையில் யார் என்னை அறிமுகம் செய்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள், வேறு சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது. தொலைபேசி இலாகாவில் குமாஸ்தா உத்தியோகம், மிச்ச நேரத்தில் செத்துப்போன எழுத்தாளர்கள். ஆறு பேருடைய வாழ்க்கையை எழுதியிருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காபி, பிறகு கொஞ்சம் சண்டை, அதற்கப்புறம் டிரங்குப் பெட்டி. கடைசியில் பெட்டி எப்படியும் திறக்கும், எனக்குப் பொறுமை உண்டு. அந்த ஆறு பேரில் யாருக்கு மூலம், யாருக்குப் பல்வலி, யார் மாமனாருக்கு எழுதிய கடிதத்தில் அழுதார், எல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவி தையல்நாயகி சொல்வாள், "ஊரான் வீட்டுப் பெட்டியெல்லாம் தெரியும், நம்ம வீட்டு ரேஷன் கார்டு எந்த அலமாரியில இருக்குன்னு தெரியாது." சரிதான். ஆனால் எனக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு, அதைத்தான் அந்தப் பேராசிரியர் இப்போது விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். செருப்பு டப்பாக்களில் அட்டைகள். எழுத்தில் கிடைத்த தகவல் நீல மையில், ஒருவர் வாயால் சொன்னது பச்சை மையில், நானாக ஊகித்தது பென்சிலில். பென்சில் அட்டை ஒருநாளும் புத்தகத்துக்குள் போகக்கூடாது. ஆராய்ச்சிப் படிப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அந்த டப்பாக்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு பிள்ளையாவது ஒன்பதாம் அத்தியாயத்தின் டப்பாவில் பன்னிரண்டாவது அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தால் நீல மைக்கு அடியில் பென்சில் தெரிந்திருக்கும். ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. என் மேல் எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை, எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

குஞ்சிதபாதம் உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தார். ஐம்பத்தெட்டில் ஒரு நாள் மனைவியையும் ஏழு வயது மகளையும் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார், ஒரு பத்திரிகையில் வேலை, திருவல்லிக்கேணியில் லாட்ஜ் அறை, எழுபத்து நாலில் அதே அறையில் செத்துப்போகும் வரை ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. எழுதியது நாற்பத்திரண்டு கதைகள், அதில் ஐந்தாறு தமிழ் உள்ளவரை இருக்கும், இதை நான் பாசத்தில் சொல்லவில்லை. அறுபத்தொன்று அக்டோபரில் மகளுக்கு டைபாயிடு, திருச்சியில் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள், பிழைப்பாளா என்று டாக்டருக்கே சந்தேகம். அந்த வருஷம் டிசம்பரில் அவருடைய கதை ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் ஒருவன் கொட்டும் மழையில் ஒரு பகல் முழுக்க நிற்கிறான், ஜன்னல்களை எண்ணுகிறான், உள்ளே போகத் தைரியமில்லை, திரும்பிப் போய்விடுகிறான். எழுத்தாளன் எழுதினதையெல்லாம் அவன் வாழ்ந்துதான் எழுதினான் என்று நினைப்பது எங்கள் தொழிலுக்கே உள்ள வியாதி. மற்ற யாருக்கும் அது வராது, ஒரு கதையைப் படித்தால் கதை என்று படித்துவிட்டுப் போவார்கள். நான் பென்சிலை எடுத்து எழுதினேன், வந்திருப்பாரோ, வெளியிலேயே நின்றிருப்பாரோ. எழுதிவிட்டு உறையூருக்குப் போய் அகிலாண்டம் டீச்சரைப் பார்த்தேன், எண்பத்தெட்டில், அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது. கூடத்தில் அப்பா படம் இல்லை. ஆணியில் நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே ஏதோ அரைத்துக்கொண்டிருந்தார், எங்கள் பேச்சு கேட்கிற தூரத்தில். "உங்களுக்கு உடம்பு சரியில்லாதப்ப அப்பா வந்தாரா டீச்சர்?" என்று கேட்டேன். "வரலை" என்றார். "தந்தி போச்சா?" "மாமா குடுத்தார். அம்மா பதினோரு நாளும் வார்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வரலை. எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டேன், பச்சை மையில், வரவில்லை என்று. உள்ளே அரைக்கிற சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. அந்த அட்டையும் அதே டப்பாவில்தான் இருக்கிறது.

மாசிலாமணி, என் பதிப்பாளர், பக்கத்து நாற்காலியிலிருந்து என் காதுக்குள் குனிகிறார், "அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்கோங்க சார், கீழ இலை போட்டுட்டாங்க." சரி என்று தலையாட்டுகிறேன். சாம்பார் வாசனை படியேறி வருகிறது. மயக்கம் வந்த மாதிரி சரிந்துவிடலாமா, அறுபத்தெட்டு வயது, இரத்த அழுத்தம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் இந்த நாற்காலியில் சரிய இடமில்லை, மயங்கினாலும் நேராகத்தான் உட்கார்ந்திருப்பேன். எங்கே விட்டேன். பச்சை அட்டை. பச்சை அட்டை இருக்கும்போது பென்சில் அட்டையைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் சப்பென்று இருந்தது, ஒரு மனிதன் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறான், தூங்குகிறான், எழுதுகிறான், அதை எத்தனை பக்கம் எழுத முடியும். அதனால்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அத்தியாயம் நடக்கவில்லை, அதனால் மழையில் நிற்கவைத்தேன் என்று. அது பாதிதான். அந்த வருஷம் பழைய பத்திரிகைகளைப் பார்க்க லீவு போட்டுவிட்டுச் சென்னையில் நானும் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். தையல்நாயகி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து லாட்ஜுக்குக் கூப்பிட்டாள், பிள்ளை மாடிப்படியில் விழுந்துவிட்டாள், மண்டையில் நாலு தையல், வாந்தி எடுக்கிறாள், டாக்டர் பயப்படுகிறார், நீங்கள் வந்தால் தேவலை. வருகிறேன் என்றேன். அந்த வாரத்தோடு நூலகத்தில் அந்தக் கட்டுகளை பைண்டிங்குக்கு எடுத்துப் போகிறார்கள், மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. நாலு நாள் கழித்துத்தான் போனேன். போனை வைத்துவிட்டு அன்று நேரே ஹோட்டலுக்குப் போய் ரவா தோசை தின்றேன், இரண்டாவதும் கேட்டு வாங்கித் தின்றேன், நல்ல பசி. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று பெங்களூரில் இருக்கிறாள், அந்தத் தழும்பு தலைமுடிக்குள் இருக்கிறது, அவளுக்கே ஞாபகம் இருக்காது. ஊர் திரும்பி மறு ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்தேன், நீலப் பேனாவை எடுத்தேன், பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினேன். வந்தார். நின்றார். உள்ளே போகத் துணியவில்லை. வராத அப்பன் ஒருவனாவது வாசல் வரைக்கும் வந்தான் என்று எனக்கு வேண்டியிருந்தது. அந்த வாரம் திருச்சியில் மழை பெய்ததா என்று பழைய நாளிதழில் தேடி உறுதியும் செய்துகொண்டேன், மழைக்கு மட்டும் ஆதாரம் உண்டு.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து உறையூரிலிருந்து ஓர் இன்லண்டு லெட்டர். டீச்சர் கையெழுத்து, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி தெளிவாக. ஒன்பதாம் அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மழையில் நனைந்திருப்பாரே என்று மட்டும் சொன்னார்கள். அவ்வளவுதான் கடிதம். படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன். அன்றே எழுதியிருக்கலாம், அம்மா, அது என் ஊகம் என்று. பேனாவை எடுத்தேன், மழையில் நனைந்திருப்பாரே என்ற வரி நடுவில் வந்து நின்றுகொண்டது. அடுத்த தடவை அந்த வீட்டுக்குப் போனபோது நாள்காட்டி வேறு ஆணிக்குப் போயிருந்தது, அந்த இடத்தில் குஞ்சிதபாதம், சந்தன மாலை. அம்மா செத்த அன்று படத்துக்குப் பக்கத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது. பதினோரு ஆய்வேடுகளில் அந்த மழை பெய்கிறது, எண்ணி வைத்திருக்கிறேன், அடிக்குறிப்பில் என் பெயர், பக்க எண். ஒரு கல்லூரியில் நாடகமாகவே போட்டார்கள், முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சின்ன விஷயம், யாருக்கும் கெடுதல் இல்லை, நடந்திருக்கவும் நடந்திருக்கலாம், யார் கண்டது, இப்படித்தான் முப்பத்தைந்து வருஷம் ஓடிப்போனது. நடந்திருக்கலாம் என்று நானே பாதி நம்பிவிட்டேன். போன மாதம் வரைக்கும் அந்தப் பாதி இருந்தது. பங்குனிக் கடைசியில் கூரியரில் ஒரு பார்சல் வந்தது, திருவல்லிக்கேணி லாட்ஜ் முதலாளியின் பேரன் அனுப்பியது, பழைய சாமான்களை ஒழித்தபோது கிடைத்ததாம், நூற்றாண்டு விழா என்று பேப்பரில் பார்த்தாராம். 1961ஆம் வருஷத்துப் பாக்கெட் டைரி. அவர் கையெழுத்து, எனக்கு என் கையெழுத்தைவிட நன்றாகத் தெரிந்த கையெழுத்து. அக்டோபர் 14. அகிலாவுக்கு விஷ ஜுரம் என்று தந்தி. போகவில்லை. மாட்னி பார்த்தேன். நல்ல தூக்கம். அக்டோபர் 15. ஆஸ்பத்திரியை வைத்து ஒரு கதை வரும் போலிருக்கிறது. அதற்கப்புறம் பத்து நாளும் கதையைப் பற்றித்தான், ஜன்னல் எத்தனை இருக்கலாம், மழை வேண்டுமா வேண்டாமா. அவர் மழையைப் போட்டார், நானும் போட்டேன். அந்தத் தந்தியை அவர் கதைக்குத்தான் உபயோகப்படுத்திக்கொண்டார், நான் அந்தக் கதையை அவருக்கு வக்காலத்தாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டைரி வந்த அன்று இரண்டாம் பதிப்பு அச்சில் ஏறி நாலாவது நாள். மாசிலாமணிக்குப் போன் போட்டேன், ஒன்பதாம் அத்தியாயத்தை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் போட்டேன். "சொல்லுங்க சார்" என்றார். புத்தகத்தின் மேலட்டையில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, குறைக்க முடியுமா என்று கேட்டேன். டைரி இதோ காலடியில் ஜோல்னாப் பையில் இருக்கிறது. எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வரப் பயமாக இருந்தது, யாராவது படித்துவிட்டால் என்ன ஆகும் என்று, வீட்டில் இருப்பது தையல்நாயகி மட்டும்தான், அவள் என் புத்தகத்தையே படித்ததில்லை.

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். துரோகி, முப்பது நிமிஷத்தில் முடித்துவிட்டார். மாசிலாமணி அழைக்க, அகிலாண்டம் டீச்சர் எழுந்து போகிறார், எழுபத்து மூன்று வயது, முதுகு நேர், கையில் குறிப்புத் தாள் கிடையாது. மைக்கைத் தன் உயரத்துக்கு வளைத்துக்கொள்கிறார். "எங்கப்பா ஒரு நல்ல புருஷனா, நல்ல தகப்பனான்னு என்னைக் கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பிக்கிறார், கடைசி வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த ஆள்கூட நிமிர்கிறான். இப்போது வரும், எனக்குத் தெரியும், மூன்று மேடைகளில் கேட்டுவிட்டேன். "எனக்கு அப்ப பத்து வயசு. பெரியாஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில். ஜுரத்துல கண்ணைத் தொறக்கவே முடியாது. ஒரு தடவ தொறந்தப்ப பாத்தேன். எதிர்ச் சாரியில ஒருத்தர். வெள்ளச் சட்டை, தெப்பலா நனைஞ்சு. கையில ஒரு பொட்டலம் வெச்சிருந்தார், கமலா ஆரஞ்சா இருக்கும்னு நெனச்சேன். அது நனையாம இருக்க சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டார்." பொட்டலம் என்னுடையது இல்லை. புத்தகத்தில் பொட்டலம் கிடையாது, வெள்ளைச் சட்டை உண்டு, பொட்டலம் கிடையாது. முதல் மேடையில் அப்பா வந்திருந்தார் என்று மட்டும் சொன்னார், அடுத்ததில் நான் பார்த்தேன் என்றார், அதற்கடுத்ததில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார் என்றார், இன்று ஆரஞ்சு. வரலை, எழுதிக்கோங்க என்று சொன்ன வாய். ஒரு பெண்ணின் ஞாபகத்துக்குள் புகுந்து அங்கே இருந்ததை அழித்துவிட்டேன். அம்மா வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்களே, அது எங்கே போயிற்று, அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே உண்மை, அதைப் பிடுங்கிவிட்டு என் மழையை வைத்துவிட்டேன். இன்று சொல்லாவிட்டால் எப்போது. நான் செத்தால் இந்த டப்பாக்கள் ஏதாவது நூலகத்துக்குப் போகும், எவனோ ஒரு கெட்டிக்காரன் அட்டையைத் தூக்கிப் பார்ப்பான், டைரியைப் படிப்பான், அன்று டீச்சர் உயிரோடு இருந்தால் அவனே வந்து அவர் முகத்துக்கு நேரே சொல்வான். அதற்கு நான் சொல்வது மேல். சொன்னால் என்ன ஆகும். ஆறு புத்தகத்தையும் இனி எவனும் நம்பமாட்டான், போகட்டும். ஆனால் சட்டைக்குள் ஆரஞ்சை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த மனுஷனை நான் மாட்னிக்கு அனுப்ப வேண்டும், மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சொல்லாவிட்டாலும் பாவம், சொன்னாலும் பாவம், நடுவில் ஒரு அடி நகர இடமில்லை. "அவர் உள்ள வரலை. ஆனா வந்தார்" என்று முடிக்கிறார் டீச்சர். முன் வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

மாசிலாமணி கை கொடுத்துத் தூக்குகிறார். நான்கு அடி நடந்தால் மைக். டீச்சர் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார், என் நாற்காலிக்குப் பக்கத்தில், என் பை அவர் காலுக்கும் என் நாற்காலிக் காலுக்கும் நடுவில் கிடக்கிறது. அனைவருக்கும் வணக்கம் என்கிறேன். குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்கிறது. பேராசிரியருக்கு நன்றி, மாசிலாமணிக்கு நன்றி, வந்திருக்கும் உங்களுக்கு நன்றி. இத்தோடு உட்கார்ந்துவிடலாம், கீழே இலை போட்டிருக்கிறது, எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். உட்காரத்தான் நினைக்கிறேன், வாய் கேட்கவில்லை. "ஒன்பதாம் அத்தியாயத்துக்கு என்கிட்ட ஆதாரம் கிடையாது" என்கிறேன். "மழைக்கு மட்டும்தான் ஆதாரம் இருக்கு. மத்ததெல்லாம் நானா எழுதினது." சொல்லிவிட்டேன். அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா. மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. இரண்டாவது வரிசையில் ஒருவர் மெல்லச் சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவரும் சிரிக்கிறார், பிறகு கைதட்ட ஆரம்பிக்கிறார்கள். பேராசிரியர் மேடையிலிருந்தே உரக்க, "பாத்தீங்களா, இதான் வாகீசன். இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்" என்கிறார். கைதட்டல் பெரிதாகிறது. "தன்னடக்கம் இல்லைங்க" என்கிறேன், "நிஜமாத்தான் சொல்றேன்." அதற்கும் தட்டுகிறார்கள். ஒருத்தருக்கும் காது கேட்கவில்லை, நான் சொல்வது காதில் விழாமல் செய்தவனும் நான்தான், முப்பத்தைந்து வருஷமாக ஆதாரம் ஆதாரம் என்று சொல்லிப் பழக்கி வைத்திருக்கிறேன். காட்டினால்தான் நம்புவார்கள். டைரியை எடுக்கத் திரும்புகிறேன்.

டீச்சர் எழுந்து நிற்கிறார். அவருடையதும் ஆளை உள்ளிழுக்கிற நாற்காலிதான், யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறார். என் கண் போவதைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும், என் பை அவர் கையில் இருக்கிறது, வாரைச் சுருட்டிப் பிடித்திருக்கிறார், வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்கிற மாதிரி. என் பக்கத்தில் வந்து மைக்கைத் தன் பக்கம் வளைக்கிறார். "சார் ஆதாரம் இல்லைங்கறார்" என்கிறார். "நான் ஒருத்தி உயிரோட இங்க உக்காந்திருக்கேன். நான் ஆதாரம் இல்லையா?" முன் வரிசை அம்மாள் எழுந்து நின்று கைதட்டுகிறாள். அவளைப் பார்த்து அந்த வரிசை எழுகிறது, பிறகு ஹால் முழுக்க நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம். டீச்சர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார். கண்ணில் ஒரு துளி நீர் கிடையாது. இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. டீச்சருக்குத் தெரியும். பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, அதைப் பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எதையும் மறக்கவில்லை, எதுவும் அழிந்துபோகவில்லை, நான் எழுதினது என்ன, தான் சேர்த்தது என்ன என்று ஒவ்வொன்றும் தெரிந்தே ஒவ்வொரு மேடையிலும் ஏறியிருக்கிறார்.

"எனக்கு எழுபத்திமூணு வயசாச்சு சார்" என்கிறார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இனிமே நான் வேற அப்பாவுக்கு எங்க போவேன்? போய் உக்காருங்க."

போய் உட்காருகிறேன்.